மிதப்பதற்கும் வழுக்குவதற்கும் ஒரே பலகை

கடலலையின் மீது நின்றபடி சறுக்கிச் செல்வதற்கென்று செய்யப்படும் துடுப்புப் பலகை, ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வேலைகளை ஒரே உடலால் செய்து முடிக்க வேண்டிய கருவியாகும். அலை வரும்வரை அது ஒரு படகு. ஒரு முழு மனிதரின் எடையைத் தாங்கி, அவர் நின்றுகொண்டே நீண்ட துடுப்பை வலிக்க இடங்கொடுத்து, கவிழாமல் மிதந்தாக வேண்டும். அலை அதைப் பற்றித் தள்ளத் தொடங்கிய நொடியிலிருந்து அது நீரின் மேற்பரப்பில் வழுக்கிப் பாய்ந்து, பக்கவாட்டில் சரிந்து, ஒரு விளிம்பை அலையின் சரிவில் ஊன்றித் திரும்பும் சறுக்குப் பலகையாக மாறியாக வேண்டும். முதல் வேலைக்கு உதவும் அகலமும் தடிமனும் இரண்டாவது வேலைக்குத் தடையாகின்றன. இரண்டாவது வேலைக்கு உகந்த ஒடுக்கமும் மெல்லிய விளிம்பும் முதல் வேலையின்போதே ஆளைத் தண்ணீரில் தள்ளிவிடுகின்றன. ஸ்டாண்ட்-அப் பேடில் என்றும் சுருக்கமாக சப் என்றும் அழைக்கப்படும் இவ்விளையாட்டில் பலகை செய்வோர் கடந்த கால் நூற்றாண்டில் கண்டறிந்தவற்றுள் பெரும்பகுதி, இந்த முரண்பாட்டைச் சமாளிக்கும் வழிகளைப் பற்றியதே.

நின்று துடுப்பு வலித்து அலையில் சறுக்கும் இக்காலப் பழக்கத்தின் வேர் ஹவாயின் வைகீகீ கடற்கரையில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு அலைச்சறுக்கு கற்றுத்தந்த 'பீச் பாய்ஸ்' எனப்பட்ட பயிற்சியாளர்களில் சிலர், குறிப்பாக ஆ சோய் குடும்பத்தார், பெரிய பலகைகளின் மீது நின்று, உள்ளூர்ப் படகுகளுக்குரிய துடுப்பைக் கொண்டே வலித்துச் சென்றனர். உயரத்தில் நிற்பதால் தொலைவில் எழும் அலையை முன்னதாகக் காணவும், மாணவர்களைக் கவனித்துக்கொள்ளவும், அவர்களைப் படம் பிடிக்கவும் அவர்களால் முடிந்தது. பின்னர் ஏறத்தாழ மறைந்துபோன இந்த வழக்கத்தை 1990-களின் பிற்பகுதியில் மாவி தீவில் லேர்ட் ஹாமில்டனும் டேவ் கலாமாவும் மீண்டும் கையிலெடுத்தபோது, அவர்களுக்குக் கிடைத்தவை இருவர் சேர்ந்து சறுக்குவதற்கென்று செய்யப்பட்ட சுமார் 12 அடி நீளப் பலகைகள்தாம். 2000-களின் தொடக்கத்தில் ஓவாஹு தீவின் மகாஹா கடற்கரையில் நடைபெறும் பெரும்பலகைப் போட்டியில் பிரையன் கியாவுலானா இதற்கென்று ஒரு பிரிவைச் சேர்த்தார். 2010-இல் அலைகளுக்கென்றே தனி உலகச் சுற்றுப் போட்டி தொடங்கி, அதன் முதல் பட்டத்தைக் கை லெனி வென்றார். 2012-இல் சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் பெரு நாட்டின் லிமாவில் துடுப்புப் பலகைக்கான தன் முதல் உலகப் போட்டியை நடத்தியது. போட்டி வந்ததும் பலகை சுருங்கத் தொடங்கியது. 12 அடியிலிருந்து 10 அடிக்கும், அங்கிருந்து 9 அடிக்கும் இறங்கி, தேர்ந்த வீரர்களின் பலகைகள் சில ஆண்டுகளிலேயே 8 அடிக்கும் கீழே வந்துவிட்டன. ஏன் இவ்வளவு சுருங்கியது என்பதையும், இதற்குமேல் ஏன் எளிதில் சுருங்க முடியவில்லை என்பதையும் அறிய, மிதத்தலின் கணக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

80 கிலோ எடையுள்ள ஒருவர், 8 கிலோ எடையுள்ள பலகை, உடையும் துடுப்புமாக 2 கிலோ என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 90 கிலோ ஆகிறது. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 1.025 கிலோ எடையுள்ளது என்பதால், இந்தச் சுமை மிதக்கக் குறைந்தது 88 லிட்டர் நீர் விலக்கப்பட வேண்டும் என்று ஆர்க்கிமிடீஸின் விதி சொல்கிறது. 88 லிட்டர் கன அளவுள்ள பலகை அவரைத் தாங்கும். ஆனால் அதன் மேற்பரப்பு நீர்மட்டத்துக்குச் சமமாக அமிழ்ந்து கிடக்கும். அதே 80 கிலோ மனிதர் படுத்தபடி கையால் நீரைத் தள்ளிச் செல்லும் சாதாரணச் சறுக்குப் பலகையின் கன அளவு சுமார் 30 லிட்டர்தான் இருக்கும். படுத்திருப்பவரின் உடல் பாதி நீருக்குள் இருந்து தன் எடையைத் தானே பெருமளவு தாங்கிக்கொள்கிறது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம். நிற்பவரின் உடல் முழுவதும் காற்றில் இருப்பதால், அவருடைய எடையில் ஒரு கிலோவைக் கூட நீர் நேரடியாக ஏற்பதில்லை. முழுவதும் பலகையின் பொறுப்பாகிவிடுகிறது. ஆகவே நின்று வலிக்கும் பலகை, படுத்து வலிக்கும் பலகையைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு கன அளவைச் சுமந்தே ஆகவேண்டும் என்பது இயற்கை விதித்த கட்டளை. தொடக்கநிலையினருக்குக் கிலோ ஒன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரையிலும், தேர்ந்தவர்களுக்குக் கிலோவுக்கு ஒரு லிட்டரைச் சற்றே தாண்டியும் கொடுப்பது பலகை செய்வோரிடையே வழங்கும் பொதுவான அளவாகும்.

மிதப்பது ஒன்று, கவிழாமல் இருப்பது வேறொன்று. ஒரு மிதவை பக்கவாட்டில் சாயாமல் எதிர்க்கும் திறன், அதன் நீளத்துக்கு நேர் விகிதத்திலும் அகலத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும் அமைகிறது. 32 அங்குல அகலப் பலகையை 28 அங்குலமாகக் குறைத்தால் குறைவது எட்டில் ஒரு பங்கு அகலம்தான். சாய்வை எதிர்க்கும் திறனோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கடையில் பார்க்கும்போது நான்கு விரல் அகல வேறுபாடாகத் தெரிவது, கடலில் நிற்க முடிவதற்கும் நிற்க முடியாததற்கும் இடைப்பட்ட வேறுபாடாக ஆகிவிடுவது இதனால்தான். நிற்பவரின் ஈர்ப்பு மையம் பலகைக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதால், ஒடுக்கமான அலைப் பலகைகளின் மீது அசையாத சிலை ஒன்றை நிறுத்தினால் அது உடனே சாய்ந்து விழும். மனிதர் விழாமல் நிற்பது கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் நொடிக்கு நொடி செய்துகொண்டே இருக்கும் திருத்தங்களால்தான். இந்த விளையாட்டில் நிலைப்பு என்பது பாதி பலகையிடமும் பாதி நிற்பவரின் கால்களிடமும் இருக்கிறது; ஒருவருக்கு உறுதியாகத் தோன்றும் பலகை, அதே எடையுள்ள இன்னொருவரைக் கவிழ்த்துவிடுவதில் வியப்பில்லை.

அடுத்த கட்டம் அலையைப் பிடிப்பது. ஒரு மீட்டர் உயர அலை பொதுவாக ஏறக்குறைய 1.3 மீட்டர் ஆழத்தில் உடைகிறது; அந்த ஆழத்தில் அலை நொடிக்கு 3.5 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் கரையை நோக்கி வருகிறது. நீரை விலக்கிக்கொண்டு செல்லும் எந்த மிதவைக்கும் அதன் நீளத்தைப் பொறுத்த ஒரு வேக வரம்பு உண்டு. மிதவையே எழுப்பும் அலை அதன் நீளத்துக்குச் சமமாகும்போது, அதற்குமேல் வேகமெடுக்கப் பெருமுயற்சி தேவைப்படும். 12 அடிப் பலகைக்கு அந்த வரம்பு மணிக்கு எட்டரைக் கிலோமீட்டரை ஒட்டியும், 8 அடிப் பலகைக்கு ஏழு கிலோமீட்டரை ஒட்டியும் அமைகிறது. எஞ்சிய வேகத்தை அலையின் சரிவு தருகிறது; பலகையின் பின்பகுதியை அலை தூக்க, ஈர்ப்பு விசை அதைச் சரிவில் இறக்க, வலிப்பவர் இரண்டு மூன்று வலுவான வலிப்புகளால் இடைவெளியை நிரப்புகிறார். முழு உடலின் பலத்தையும் நீண்ட துடுப்பின் வழியாக நீரில் செலுத்த முடிவதால், கையால் தள்ளுபவரைவிட அவர் முன்னதாகவே, அலை செங்குத்தாவதற்கு முன்பே, அதில் ஏறிவிடுகிறார். நீளப் பலகை எளிதில் அலையைப் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்வது சரியே. ஆனால் குட்டைப் பலகையிலும் நீர்க்கோட்டு நீளத்தைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. அதைத் தெரிந்துகொள்ளப் பழைய கதை ஒன்றைத் தொட வேண்டும்.

பலகை அலையின் வேகத்தை எட்டியதும், கீழே பாயும் நீர் அதன் அடிப்பரப்பை மேல்நோக்கி அழுத்தத் தொடங்குகிறது. வேகம் இரட்டித்தால் இந்தத் தூக்கு விசை நான்கு மடங்காகிறது. ஒரு கட்டத்தில் பலகை நீரை விலக்கி மிதப்பதை விட்டு, நீரின் மேலேறி வழுக்குகிறது. பிளேனிங் என்று படகுத் துறையினர் அழைக்கும் இந்த நிலையில் எடையைத் தாங்குவது வேகமும் அடிப்பரப்புமே. லிட்டர்களுக்கு இங்கே வேலை மிகக் குறைவு. வேகப் படகுகளின் அடித்தட்டு எந்த வடிவில் இருந்தால் நன்றாக வழுக்கும் என்பதை ஹவாயில் சோதித்து, லிண்ட்சே லார்ட் என்ற படகு வடிவமைப்பாளர் 1946-இல் ஒரு நூல் வெளியிட்டார். கலிஃபோர்னியாவில் பொறியியல் படித்த பாப் சிம்மன்ஸ் அந்த நூலின் முடிவுகளைச் சறுக்குப் பலகைக்குக் கொண்டுவந்தார். முன்னும் பின்னும் அகன்று, பக்கங்கள் ஏறக்குறைய இணையாக ஓடும் பலகைகளைச் செய்தார். அவர் 1954-இல் அலையில் சிக்கி இறந்தபோது அவருடைய பல எண்ணங்களும் அவரோடு ஒதுங்கிவிட்டன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு குட்டைப் பலகை செய்வோர் அவற்றை மீண்டும் தேடியெடுத்தனர். ஆஸ்திரேலியாவின் டேனியல் தாம்சன் போன்றோர் கூர்மூக்கை வெட்டிவிட்டு இணைப்பக்கப் பலகைகளைச் செய்தபோது, நின்று வலிக்கும் பலகைக்கே அது மிகவும் பொருந்துவது தெரிந்தது. கூர்மூக்குப் பலகையின் முன்பகுதி ஓர் அடி நீளம் நீரில் பயனுள்ள வேலை எதையும் செய்வதில்லை. அதை வெட்டிவிட்டு அந்த அகலத்தைப் பக்கங்களில் நீளவாக்கில் பரப்பினால், குறைந்த நீளத்துக்குள் அதே மிதப்பும் அதே நீர்க்கோடும் கிடைக்கின்றன. திரும்பும்போது சுழற்ற வேண்டிய நீளம் மட்டும் குறைந்துவிடுகிறது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் மூக்கு மழுங்கிய பலகைகள் பெருகியதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

பக்கவாட்டில் பார்க்கும்போது பலகை மூக்கிலிருந்து வால்வரை வாழைப்பழ வளைவாக மேலெழுவதை ராக்கர் என்பர். தட்டையான பலகை வேகமாக ஓடும், அலையை விரைவில் பிடிக்கும். ஆனால் செங்குத்தான அலையில் இறங்கும்போது அதன் மூக்கு நீருக்குள் குத்திக்கொள்ளும், திரும்பவும் மறுக்கும். வளைவு மிகுந்த பலகை குத்தாது, நன்றாகத் திரும்பும். ஆனால் நீரை முன்னே தள்ளிக்கொண்டு தயங்கித் தயங்கி ஓடும். வலிக்கும்போது கால்கள் பலகையின் நடுவில் இருக்கின்றன, சறுக்கும்போது பின்னே நகர்ந்துவிடுகின்றன என்ற எளிய உண்மையைப் பயன்படுத்தி, நடுப்பகுதியைத் தட்டையாகவும் வால்பகுதியை வளைவாகவும் அமைப்பது வழக்கம். நடுவில் நின்றால் நீளமான தட்டைப் பலகை; ஓரடி பின்னே நகர்ந்தால் குட்டையான வளைந்த பலகை. கால் மாறும்போது பலகையே மாறிவிடுவதைப் போன்ற இந்த அமைப்பு, வடிவமைப்பாளர்களின் கெட்டிக்காரத்தனங்களில் மிக அழகானது என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு பலகை அலையில் உயிரோடு இருக்கிறதா, வெறும் மிதக்கும் கட்டையாகக் கிடக்கிறதா என்பதை முடிவு செய்வது விளிம்புதான். ரெயில் என்று அழைக்கப்படும் இந்தப் பக்கவிளிம்பைப் பற்றி விற்பனைப் பட்டியல்கள் அதிகம் பேசுவதில்லை. நீளம், அகலம், லிட்டர் என்ற மூன்று எண்களோடு நிறுத்திக்கொள்கின்றன. அலையின் அடிவாரத்தில் நடக்கும் ஒரு திருப்பத்தை நிதானமாகப் பார்த்தால் விளிம்பின் வேலை விளங்கும். சறுக்குபவர் சரிவின் அடிக்கு இறங்கி, முழங்காலை மடக்கி, அலையை நோக்கிச் சாய்கிறார். பலகை ஒருபுறம் சரிந்து, அந்தப் பக்க விளிம்பு நீரைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்குகிறது. மறுபக்க விளிம்பு காற்றில் எழுகிறது. அமிழ்ந்த விளிம்பின் வளைகோடும் ராக்கரின் வளைவும் சேர்ந்து நீருக்குள் ஒரு வில்லை வரைய, பலகை அந்த வில்லின் வழியே திரும்பி மீண்டும் அலையின் மேல்நோக்கி ஏறுகிறது. விளிம்பு உள்ளே இறங்கவில்லை என்றால் இதில் எதுவும் நடக்காது. 110 லிட்டரை எட்டடிக்குள் அடக்கும்போது பலகையின் தடிமன் நான்கு அங்குலத்தைத் தாண்டிவிடுகிறது. அந்தத் தடிமனை அப்படியே விளிம்புவரை கொண்டுபோனால், விளிம்பு தக்கையாக மாறி, அழுத்த அழுத்த மேலே எம்பிக்கொண்டு, சறுக்குபவரைத் திருப்பத்தின் நடுவில் உதறிவிடுகிறது.

இதற்கு மூன்று தீர்வுகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, மேற்பரப்பைக் குவிந்த முதுகாக்கி, கன அளவை நடுக்கோட்டில் குவித்து, விளிம்பை மெலிதாக்குவது. விளிம்பு எளிதில் இறங்கும், ஆனால் பலகை சாயும்போது தாங்கிப் பிடிக்க வேண்டிய இடத்தில் மிதப்பு இல்லாததால் நிற்கும்போது தள்ளாட்டம் கூடும். இரண்டாவது, நிற்கும் இடத்தை மட்டும் குழித்து, காலைத் தாழ்த்தி, ஈர்ப்பு மையத்தைக் கீழிறக்குவது. இதில் குழியில் நீர் தேங்காமல் வெளியேற வழி செய்ய வேண்டும். மூன்றாவது, விளிம்பின் அடிப்பக்க மூலையைச் சாய்வாகச் சீவிவிடுவது. நேராக நிற்கும்போது முழு அகலமும் நிலைப்பைத் தருகிறது, சரிந்ததும் அந்தச் சீவல் வழியே பலகை ஒடுங்கியதைப் போல் நடந்துகொள்கிறது. இவற்றுள் முதலாவது அழகானது, தேர்ந்தவர்களுக்கு உரியது. பெரும்பாலான சாதாரணச் சறுக்குநர்களுக்கு மூன்றாவதே நன்மை செய்கிறது.

விளிம்பின் கூர்மையும் இடத்துக்கு இடம் மாற வேண்டும். குழாயிலிருந்து விழும் நீர்த்தாரையில் கரண்டியின் முதுகை மெல்லத் தொடும்படி பிடித்தால், நீர் அந்த வளைவை ஒட்டிக்கொண்டே திரும்புவதையும், கரண்டி தாரையை நோக்கி இழுக்கப்படுவதையும் யாரும் வீட்டிலேயே காணலாம். வட்டமான விளிம்பைச் சுற்றியும் நீர் இப்படியே ஒட்டுகிறது. பலகையின் முன்பாதியில் இது அலையின் சுவரோடு பலகையைப் பிடித்துவைக்கும் நல்ல குணம். ஆனால் வேகம் பிறக்கும் பின்பகுதியில் நீர் ஒட்டுவது பின்னுக்கு இழுக்கும் தடையாகிவிடும் என்பதால், வாலின் கடைசி மூன்றிலொரு பங்கில் அடிவிளிம்பைக் கூராகச் செதுக்கி, நீர் அங்கிருந்து சட்டென்று அறுந்து விலகும்படி செய்கிறார்கள். மென்மையான விளிம்பு எங்கே முடிந்து கூரான விளிம்பு எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. கட்டைவிரலை ஓடவிட்டால் புலப்படும். நல்ல பலகை செய்பவர்கள் ஒருவர் செய்த பலகையை மற்றவர் பார்க்கும்போது முதலில் விரலை ஓட்டிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

வாலின் அகலத்தை நுனியிலிருந்து 12 அங்குலம் உள்ளே அளப்பது மரபு. பின்னங்கால் நிற்கும் இடம் அதுவாதலால், அந்த ஓர் அளவு பலகையின் குணத்தைப் பற்றி லிட்டர் கணக்கைவிட அதிகம் சொல்லிவிடும். அகன்ற வால் மெல்லிய அலையில் நன்றாகத் தூக்கும், சிறு அலையிலும் ஓடும். ஆனால் பெரிய, வேகமான அலையில் அது நீரில் ஊன்றாமல் மிதந்து வழுக்கும். ஒடுங்கிக் கூரான வால் பெரிய அலையின் சுவரில் ஆணி அடித்ததுபோல் பிடித்து நிற்கும். சிறு அலையில் அமிழ்ந்து ஓட்டத்தை இழக்கும். அடிப்பரப்பில் நீளவாக்கில் செய்யப்படும் மெல்லிய குழிவுகள் நீரை நெறிப்படுத்தித் தூக்கைக் கூட்டுகின்றன. வாலுக்கருகே அடிப்பரப்பை ஓடம்போல் லேசாக முகடாக்கினால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்வது எளிதாகிறது. அகலமான பலகை இயல்பாகவே சாயத் தயங்கும் என்பதால், சாதாரணச் சறுக்குப் பலகையைவிடத் துடுப்புப் பலகைக்கு இந்த முகடு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வாலின் அடியில் பொருத்தப்படும் ஃபின் என்னும் சிறகுகள் பலகை பக்கவாட்டில் நழுவாமல் காக்கின்றன. டாம் பிளேக் 1935-இல் முதன்முதலாகச் சறுக்குப் பலகையில் ஒற்றைச் சிறகைப் பொருத்தினார். ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் 1980-இல் உருவாக்கிய மூன்று சிறகு அமைப்பு, மறு ஆண்டே அவர் பெல்ஸ் பீச் போட்டியை வென்றதும் உலகெங்கும் பரவியது. பக்கச் சிறகுகள் மூக்கை நோக்கிச் சற்றே உட்புறம் திரும்பியும், வெளிப்புறமாகச் சற்றே சாய்ந்தும் வைக்கப்படுவதால், பலகை சரியும்போது அவை நேராக நின்று கூடுதலாகப் பிடிக்கின்றன. அகன்ற வாலுள்ள துடுப்புப் பலகையில் நடுச்சிறகு விளிம்பிலிருந்து வெகுதூரத்தில் இருந்துவிடுவதால், பலர் நடுவில் எதுவும் இல்லாமல் விளிம்பையொட்டி இரண்டிரண்டாக நான்கு சிறகுகளை வைக்கும் அமைப்பை விரும்புகின்றனர். நீளப் பலகைகளில் பெரிய நடுச்சிறகும் இரு சிறிய பக்கச் சிறகுகளும் இன்றும் நிறைவாகவே பணிசெய்கின்றன.

துடுப்பையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். அலையை எட்டியதும் துடுப்புக்கு வேலை முடிந்துவிட்டதென்று புதியவர்கள் எண்ணுகிறார்கள். திருப்பத்தின்போது அதன் இலையை உட்புற நீரின் மேல் படுக்கவைத்துச் சாய்ந்தால், அது மூன்றாவது காலாகி உடலின் எடையில் ஒரு பகுதியைத் தாங்குகிறது. நிற்கும்போதும் நீரில் ஊன்றிய துடுப்பு தள்ளாட்டத்தை அடக்குகிறது. துடுப்பு இல்லாமல் நிற்கவே முடியாத அளவுக்கு ஒடுக்கமான பலகைகளை வல்லுநர்கள் பயன்படுத்த முடிவது இதனால்தான். அமைதியான நீரில் நெடுந்தொலைவு செல்வோரின் துடுப்பைவிட அலைக்குரிய துடுப்பு குட்டையாகவும், இலை சிறியதாகவும் இருக்கும். தாழ்ந்து குனிந்த நிலையிலும் விரைந்து பக்கம் மாற்றவும், குறுகிய விரைவான வலிப்புகளைப் போடவும் அது ஏற்றது.

இவ்வளவு கன அளவைத் தூக்கிச் செல்லக்கூடிய எடையில் செய்ய முடிந்ததற்குப் பொருள்களில் நேர்ந்த மாற்றம் காரணம். சறுக்குப் பலகைகள் நெடுங்காலம் பாலியூரித்தேன் நுரைக்கட்டியிலிருந்து செதுக்கப்பட்டன. அமெரிக்கப் பலகைத் தொழிலுக்கு அந்தக் கட்டிகளில் பெரும்பகுதியை வழங்கிவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் 2005 டிசம்பர் 5 அன்று திடீரென மூடப்பட்டது. தொழில் முழுவதும் மாற்று தேட வேண்டியிருந்த அந்த வேளையில், நம் ஊரில் தெர்மோகோல் என்று அறியப்படும் பாலிஸ்டைரீன் நுரை புதிய மதிப்பைப் பெற்றது. பாலியூரித்தேன் கட்டி கன மீட்டருக்கு 35 முதல் 48 கிலோ வரை இருக்க, தெர்மோகோல் 16 முதல் 32 கிலோவுக்குள் நின்றுவிடுகிறது. வழக்கமான பாலியெஸ்டர் பிசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும் என்பதால் அதன்மேல் எபாக்சி பிசினையே பயன்படுத்த வேண்டும். சூடான கம்பியால் கட்டியை வெட்டி, கணினி இயந்திரத்தால் தோராய வடிவத்தைக் கொண்டுவந்து, கடைசியில் விளக்கொளியைப் பக்கவாட்டில் விழவைத்து, நிழலில் மேடுபள்ளம் பார்த்து, உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து முடிக்கிறார்கள். அதன்மேல் கண்ணாடி இழைத்துணியைப் போர்த்தி எபாக்சியால் ஒட்டுகிறார்கள். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் குதிகால்கள் மேற்பரப்பை அமுக்கிக் குழித்துவிடுவதால், நிற்கும் இடத்தில் கூடுதல் இழையையோ, அடர்த்தியான நுரைத் தகட்டையோ, மெல்லிய மூங்கில் தகட்டையோ சேர்ப்பது வழக்கம். தெர்மோகோல் மணிகளின் இடையே அடைபட்ட காற்று வெயிலில் விரிந்து மேல்தோலைப் பிரித்துவிடாதிருக்க, காற்றை மட்டும் விடும் சிறு திருகு ஒன்று மேற்பரப்பில் பொருத்தப்படுகிறது. பூட்டிய காருக்குள் கோடை வெயிலில் பலகையை விட்டுச்செல்வது அதைப் பாழாக்கும் நிச்சயமான வழி. காற்றடைக்கும் பலகைகள் ஏரிக்கும் காயலுக்கும் வசதியானவை. ஆனால் அவற்றின் தடித்து உருண்ட விளிம்பு நீரில் இறங்காது என்பதால் அலைக்குப் பொருந்துவதில்லை.

சோழமண்டலக் கடற்கரையில் உடையும் அலைகளைக் கடக்கும் கலை புதியதல்ல. கட்டுமரத்தின் மீது முழந்தாளிட்டோ நின்றோ துடுப்பு வலித்து அலைமுறிவைத் தாண்டி மீன்பிடிக்கச் சென்றவர்கள், திரும்பும்போது அலையின் மீதேறிக் கரைசேர்ந்தார்கள். கட்டைகளின் முன்முனை மேல்நோக்கி வளைந்திருந்தது, மூக்கு நீரில் குத்தாதிருக்க வேண்டுமென்ற அதே தேவையால்தான். ஹவாய்ப் பலகைக்கும் இதற்கும் வம்சத் தொடர்பு எதுவுமில்லை. இரு கரையினரும் ஒரே கேள்விக்குத் தம்மிடமிருந்த மரத்தால் விடை சொன்னார்கள். இன்று சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் மீனவக் குடும்பத்து இளைஞர்களே அலைச்சறுக்கையும் துடுப்புப் பலகையையும் கற்றுத்தருகிறார்கள். 2013-இல் தொடங்கிய அலைச்சறுக்கு விழா அவ்வூரை நாடறியச் செய்தது. இலங்கையின் அறுகம் குடாவில் மே முதல் செப்டம்பர் வரை நீண்டு ஓடும் அலைகள் உலகெங்கிலுமிருந்து சறுக்குநர்களை ஈர்க்கின்றன.

இந்தக் கரைகளில் கற்கத் தொடங்குவோர் ஹவாயின் பெரிய அலைகளுக்கென்று செய்யப்பட்ட ஒடுங்கிய, வளைந்த, கூர்வால் பலகைகளைப் படத்தில் பார்த்து வாங்குவது வீண் செலவாகும். தமிழகக் கடற்கரையில் பெரும்பாலான நாட்களில் கிடைப்பது மார்பளவுக்கு உட்பட்ட மென்மையான அலை. அதற்கு 9 முதல் 10 அடி நீளமும், 30 அங்குலத்துக்குக் குறையாத அகலமும், தட்டையான நடுப்பகுதியும், அகன்ற வாலும், அடிமூலை சீவிய விளிம்பும் உள்ள பலகையே பொருத்தமானது. முதல் பருவம் முழுவதும் பயிற்சிப் பள்ளியின் பலகைகளில் மாறிமாறிச் சறுக்கிப் பார்த்துவிட்டு, கால்கள் கேட்கும் அளவைத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குவது நல்லது. வாங்கும்போது லிட்டரைக் கேட்டதோடு நில்லாமல், 12 அங்குலத்தில் வாலின் அகலத்தை அளந்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும். எட்டுப் பத்துக் கிலோ எடையுள்ள இந்தப் பலகை அலையில் கட்டறுந்து உருண்டால், நீந்திக்கொண்டிருப்பவரின் தலையைப் பிளந்துவிடும். காலில் கயிறு கட்டாமலும், அதன் முடிச்சை ஒவ்வொரு முறையும் சரிபாராமலும் யாரும் கடலில் இறங்க வேண்டாம். துடுப்பின் வலுவால் மற்றவர்களுக்கு முன்பே அலையைப் பிடித்துவிட முடியும் என்பதற்காக எல்லா அலைகளையும் பிடித்துக்கொள்ளாமல், படுத்துச் சறுக்கும் சிறுவர்களுக்கு வரிசையில் வரும் அடுத்த அலையை விட்டுக்கொடுங்கள்.